கலவைக் கீரையில் ஒரு கைப்பிடி

15.6.2025, ஞாயிறு

இன்றைக்குக் கீரையை ஐந்து தண்ணீர் விட்டு அலசினேன். ஒவ்வொரு தண்ணீரிலும் ஒரு டம்ளர் பிடித்து, ஐந்து கண்ணாடி டம்ளர்களை ஜன்னலோரம் வரிசையாக வைத்தேன். அடியில் என்ன தங்குகிறது என்று பார்க்க வேண்டும் போல இருந்தது.

அரை மணி நேரத்தில் முதல் டம்ளரின் அடியில் கறுப்பு வண்டல். இரண்டாவதில் அதில் பாதி. மூன்றாவதில் தண்ணீர் தெளிவு, ஆனால் அடியில் வெள்ளை மணல். முதல் இரண்டில் அந்த மணல் ஏன் இல்லை? யோசித்துப் பார்த்தால், வண்டல் இலையின் மேல் ஒட்டியிருக்கிறது. மணல் காம்பும் தண்டும் சேரும் இடுக்கில் உட்கார்ந்துகொள்கிறது. இலை நனைந்து தளர்ந்த பிறகுதான் விடுகிறது போல. இருபது வருடமாகக் கீரை அலசுகிறேன், இன்றைக்குத்தான் இதைக் கவனித்தேன்.

கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மணிமாறன் எட்டிப் பார்த்தார். "என்னா இசை, வரிசையா டீ போட்டு வச்சிருக்க? கடைசி டீ மட்டும் ரொம்ப லைட்டா இருக்கே." கட்டிக்கொண்டவர் பெயின்ட் கடை மேனேஜர். எதையும் ஷேடு வைத்துத்தான் சொல்வார்.

கீரை, கோவிந்தம்மாள் ஞாயிறு தோறும் மயிலம் பக்கமிருந்து கட்டிக்கொண்டு வரும் கலவைக் கீரை. பண்ணை, தொய்யல், மூக்கிரட்டை, முளைக்கீரை, இன்னும் பெயர் தெரியாத இரண்டு. அதோடு வழக்கம் போல பின்சுவரோரம் நிற்கும் எங்கள் மரத்து அகத்தி ஒரு கைப்பிடி.

அந்தக் கைப்பிடியைப் பற்றி இந்த நோட்டில் மட்டும்தான் எழுத முடியும். நாலு வருடமாகப் போடுகிறேன், வீட்டில் யாருக்கும் தெரியாது. அகத்தி என்றால் மணிமாறனுக்கு ஆகாது. "அது அமாவாசைக்கு மாட்டுக்குக் குடுக்கறது." எனக்கு, நாற்பதைத் தாண்டியவளுக்கு, கால்சியம் வேண்டும். மற்றவர்களுக்கும் நல்லதுதானே? பத்து இலையோடு பதினோராவது இலையாகப் போனால் கசப்பு தெரியாது. சொன்னால்தான் தெரியும்.

18.6.2025, புதன்

முருங்கைக்கீரைப் பொரியல். அதிலும் அகத்தி ஒரு கைப்பிடி. தட்டுகள் காலி.

22.6.2025, ஞாயிறு

கலைமதி இன்று கீரை ஆய என்னோடு உட்கார்ந்தாள். அபூர்வம். மணிமாறனின் தங்கை, எங்களோடுதான் இருக்கிறாள், முப்பத்தைந்து வயது. விழுப்புரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். தினமும் திண்டிவனத்தில் ஏழு மணி பஸ்ஸைப் பிடித்து ஓடுகிறவளுக்கு ஞாயிறு என்றால் தூக்கம்தான்.

ஆய்ந்துகொண்டே இருந்தவள் கேட்டாள்: "கோவிந்தம்மா இதுல அகத்தி கலக்கறாங்களா அண்ணி?"

"இல்ல கலை."

"நிச்சயமா?"

"அவங்க கலக்கமாட்டாங்க."

அவள் தலையாட்டிவிட்டு மறுபடி காம்பைக் கிள்ள ஆரம்பித்தாள். குழாயடியில் குண்டானில் இருந்த முதல் பங்குக் கீரையில் என் கைப்பிடி ஏற்கெனவே மிதந்துகொண்டிருந்தது.

மதியம் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

23.6.2025, திங்கள்

நான் சொன்னது பொய்யா? கோவிந்தம்மாள் கலக்கவில்லை என்பது உண்மை. அவள் கேட்டது கோவிந்தம்மாளைப் பற்றி.

இதை எழுதிவிட்டுப் படித்தேன். நான் டைப் அடிக்கும் பத்திர ஆபீஸில் வில்லங்கம் உள்ள மனையை விற்க வருகிறவர்கள் இப்படித்தான் பேசுவார்கள்.

ஏன் கேட்டாள் என்பதுதான் மண்டையைக் குடைகிறது. அவளுக்குக் கசப்பு தெரிந்துவிட்டதா? தெரிந்தால் ஏன் இரண்டாம் தரம் கேட்கிறாள்?

26.6.2025, வியாழன்

சிறுகீரை வாங்கும்போது கோவிந்தம்மாளிடம் கேட்டேன், அகத்திக்கீரையை யார் யார் சாப்பிடக் கூடாது என்று.

"நாட்டு மருந்து துன்றவங்க துன்னக் கூடாதும்மா. மருந்த முறிச்சிடும்."

"ஒரு புடி சேந்தாலுமா அக்கா?"

"ஒரு எலை போதும்ன்றாங்க."

"யாரு?"

"எல்லாரும்தான். எனுக்கு எப்டிம்மா தெரியும், நானு மருந்தும் துன்னதில்ல, அகத்தியும் துன்னதில்ல. வித்துக்கினு போறவ."

தெரு முனை திரும்பும் வரைக்கும் அந்த அம்மாளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படியானால் கலை மருந்து சாப்பிடுகிறாளா?

29.6.2025, ஞாயிறு

அவளே சொல்லிவிட்டாள். நான் கேட்கவே இல்லை.

காலையில் அவள் அறையின் ஜன்னல் பக்கம் போனபோது, இடது கையை வெளிச்சத்தில் நீட்டி, மணிக்கட்டின் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள். பிறகு, "உள்ள வாங்க அண்ணி" என்றாள்.

அவள் மணிக்கட்டில் வெள்ளைத் திட்டு வந்து எட்டு வருடம் ஆகிறது. வாட்ச் பட்டை மறைக்கும் அளவில் இருந்தது, இப்போது முழங்கைக்கும் வந்துவிட்டது. ஒரு கல்யாணப் பேச்சு, ஜவுளிக்கடையில் புடவையைத் தோளில் வைத்துப் பார்க்கும்போது மாப்பிள்ளையின் அக்கா கையைக் கவனித்ததோடு நின்றுபோனது. அதற்கப்புறம் ஆளாளுக்கு ஒரு டாக்டர், ஒரு எண்ணெய், ஒரு கோயில். ஊரில் யாரைப் பார்த்தாலும் முதலில் அவள் கையைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் முகத்தைப் பார்ப்பார்கள். "கொறஞ்சிருக்கா?" மூன்று வருடம் முன்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாள்.

"கூட்டேரிப்பட்டுல ஒரு சித்த டாக்டர் அண்ணி. ஸ்கூல்ல இருந்து வரும்போது எறங்கிப் பாத்தேன். நாப்பத்தெட்டு நாள் மருந்து. இன்னியோட இருவத்திரண்டு. அண்ணனுக்குக் கூடத் தெரியாது. தெரிஞ்சா தெனமும் கையத்தான் பாப்பாரு."

"எங்கிட்ட மட்டும் ஏன் சொல்ற?"

"நீங்கதான சமைக்கறீங்க. கத்திரிக்கா, கருவாடு, அகத்தி மூணும் ஆகாது. முக்கியமா அகத்தி. நம்ம வீட்டுல அதச் சமைக்கறதே இல்ல, அதனால பயம் இல்ல. இருந்தாலும் பாத்துக்குங்க."

ஒவ்வொரு ஞாயிறும் அதே நாணயம், அதே ஜன்னல், அதே நேரம். படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். எனக்கு அவளைப் பிடித்துப் போனது இந்த ஒழுங்கினால்தான், பதினெட்டு வருடம் முன்பே.

அவள் மருந்து ஆரம்பித்த எட்டாம் தேதி கோவிந்தம்மாள் வரவில்லை, கீரை இல்லை. பதினைந்தாம் தேதி. பதினெட்டு. இருபத்திரண்டு. மூன்று தரம்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தது. "சரி, பாத்துக்கறேன்" என்று வந்தது.

30.6.2025, திங்கள்

பரணிலிருந்து என் பி.எஸ்ஸி. தாவரவியல் புத்தகத்தை இறக்கினேன். அகத்தி: அவரைக் குடும்பம். சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக, நுனியில் ஒற்றை இலை கிடையாது. பூவின் பாகங்கள் ஒரு பக்கம் முழுக்க. மருந்தை முறிக்குமா என்பது பற்றி ஒரு வரியும் இல்லை. போனில் தேடினேன். நூறு பேர் முறிக்கும் என்கிறார்கள், நூறு பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிய அதே வாக்கியம்.

நான் இதை நம்புகிறேனா? நம்பவில்லை என்றால் ஏன் தேடிக்கொண்டே இருக்கிறேன்?

நான் நம்புகிறேனா என்பது கேள்வியே இல்லையோ? அவள் நம்புகிறாள். அவள் எண்ணிக்கொண்டிருக்கும் நாட்கள் அவளுடையவை.

5.7.2025, சனி

கூட்டேரிப்பட்டு போனேன். மயிலத்துக்குக் கோயிலுக்கு என்று மணிமாறனிடம் சொன்னேன் — இன்னொரு பொய், வரிசையில் சேர்ந்தது.

ஹைவே ஓரம், டீக்கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவில் ஒரே அறை. டாக்டர் பிரபாவதி. முப்பது கூட இருக்காது. பெரியவர் யாராவது இருப்பார் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன்.

யாருக்கு என்று சொல்லாமல் சொன்னேன். வீட்டில் ஒருவர் சித்த மருந்து சாப்பிடுகிறார், தெரியாமல் அகத்தி சேர்ந்துவிட்டது, மூன்று தரம், மூன்று பேர் கீரையில் ஒரு கைப்பிடி.

"முறிக்கும்னுதான் நாங்க படிச்சிருக்கோம்" என்றாள். "ஆனா ஒரு புடிக்கு எவ்ளோ முறியும்னு யாரும் அளந்து எழுதல. தெரியாதத தெரியும்னு சொல்லமாட்டேன்."

"அப்ப ஒண்ணும் ஆகாம இருக்கலாமா?"

"இருக்கலாம். ஆகியும் இருக்கலாம். சாப்பிட்டவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப நீங்க கேள்விய எடுத்துக்கினு தப்பான ஆளுகிட்ட வந்திருக்கீங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

6.7.2025, ஞாயிறு

சொல்லவில்லை.

13.7.2025, ஞாயிறு

அகத்தியை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. கீரையை இப்போது ஏழு தண்ணீர் அலசுகிறேன். எதைக் கழுவுகிறேன் என்று எனக்கே சந்தேகம்.

சாப்பிடும்போது மணிமாறன்: "கொஞ்ச நாளா கலவைக் கீரை சப்புன்னு கீதே இசை. முன்ன நாக்குல லேசா ஒரு கசப்பு நிக்கும், அது நல்லா இருக்கும்."

கலை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன கசப்புண்ணே?"

"அதான், ஒரு மாதிரி. சோத்துக்குப் புடிச்சிக்கினு போவும்."

"மழ இல்ல. அதான் கீரையில சாரம் இல்ல" என்றேன். எவ்வளவு வேகமாக வருகிறது எனக்கு.

20.7.2025, ஞாயிறு

இன்று நாற்பத்து மூன்றாம் நாள்.

அவள் ஜன்னல் பக்கம் வெகுநேரம் இருந்தாள். பிறகு சமையலறைக்கு வந்து போனை நீட்டினாள். முதல் படம், கடைசிப் படம். நாணயம் அதே நாணயம். திட்டு அப்படியே. இல்லை, அப்படியே கூட இல்லை. விரல் முட்டி மேல் புதிதாக ஒன்று.

"மிச்சம் அஞ்சு நாள் வேஸ்ட்டு அண்ணி. விட்டுடப் போறேன்."

"அவசரப்படாத."

"அவசரமா? எட்டு வருஷம். டாக்டருங்க மேல தப்பில்ல, மருந்து மேலயும் தப்பில்ல. எம் உடம்பு அப்டி. எதுவும் நிக்காது. இனிமே எதையும் தொடமாட்டேன், எழுதி வேணா தர்றேன்."

சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

கை கீரைத் தண்ணீருக்குள் இருந்தது. அப்போது தோன்றியது இதுதான்: இவள் எவ்வளவு நேர்மையாக ஒரு சோதனை நடத்தினாள். நாணயம், வெளிச்சம், நேரம், தேதி. எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைத்தாள், அவளுக்குத் தெரியாமல் விழுந்த என் கையைத் தவிர. கடைசியில் குற்றவாளி யார் என்று முடிவு கட்டுகிறாள்? தன் உடம்பு.

சொல்லிவிட்டேன். கையை வெளியே எடுக்காமலேயே, தண்ணீரைப் பார்த்தபடி. நாலு வருடம், ஒரு கைப்பிடி, இந்த மருந்து நாட்களில் மூன்று தரம், தேதியோடு. கூட்டேரிப்பட்டு போனதையும்.

அவள் குழாயை மூடினாள். நான் திறந்தே விட்டிருந்தேன் போலிருக்கிறது.

"கேட்டேனே அண்ணி."

"கோவிந்தம்மாளப் பத்திதான—" என்று ஆரம்பித்தேன். ஐயோ, ஏன் ஆரம்பித்தேன்.

"நான் கோவிந்தம்மாளப் பத்தியா கேட்டேன்? எம் மருந்தப் பத்திக் கேட்டேன். உங்களுக்குத் தெரியாது, சரி. அப்ப தெரியாது. அடுத்த வாரம் தெரிஞ்சிதே. உங்கள நம்பித்தான சொன்னேன். அதுக்கப்பறம் மூணு வாரம் எம் மொகத்தப் பாத்துக்கினு சோறு போட்டீங்களே."

அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அறையவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள்.

21.7.2025, திங்கள்

டிபன் பாக்ஸ் எடுத்துக்கொள்ளாமல் போனாள்.

24.7.2025, வியாழன்

ஸ்கூல் கேன்டீனில் சாப்பிடுகிறாள். ராத்திரிக்குத் தனக்கு மட்டும் கேப்பை மாவு கரைத்துக் கூழ் வைத்துக்கொள்கிறாள், தனிக் குண்டானில். நான் தொட்ட கரண்டியைக் கூடக் கழுவிவிட்டுத்தான் எடுக்கிறாள்.

மணிமாறன் கேட்டார். "என்னா, ரெண்டு பேரும் பேசிக்கினு இருக்கறதயே காணோம்?"

கலையின் மருந்து அவள் விஷயம், அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் பங்கை மட்டும் சொன்னேன். கீரையில் நாலு வருடமாக அகத்தி போட்டேன், அவள் கேட்டபோது இல்லை என்றேன்.

"அப்ப நாலு வருஷமா எனுக்கு மாட்டுத் தீனி."

"ஆமா."

"அந்தக் கசப்பு அதானா?"

"அதான்."

"அடச்சே" என்றார். அகத்தி போட்டதைவிட, தனக்கு அது பிடித்திருந்ததுதான் அவருக்குப் பேஜாராக இருக்கிறது போல.

30.7.2025, புதன்

இன்று கலை தானே சிறுகீரை வாங்கி, தானே ஆய்ந்து, தானே கடைந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகும் அவசரத்தில் ஒரே தண்ணீர். கீரையைத் தண்ணீரிலிருந்து கோதி எடுக்க வேண்டும். அவள் பாத்திரத்தோடு வடிதட்டில் கவிழ்த்தாள். அடியில் தங்கிய மண்ணெல்லாம் திரும்பக் கீரை மேலேயே. பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது?

சாயங்காலம் வந்து பாக்ஸை அப்படியே வைத்தாள். முக்கால்வாசிக் கீரை மிச்சம்.

"மண்ணு."

பத்து நாளில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. தயங்கி, "மூணாவது தண்ணியிலதான் மணல் விடும் கலை. கொட்டாம கையால மேல எடு" என்றேன்.

"தெரிஞ்சிக்கினே பாத்துக்கினு இருந்தீங்களா?"

ஆமாம் என்றேன்.

"இது உங்களுக்குப் பழக்கமாவே ஆயிடுச்சி" என்றாள். ஆனால் போகவில்லை. நின்றுகொண்டே ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போனாள்.

3.8.2025, ஞாயிறு

ஆடி ஞாயிறு. கூழ் ஊற்றினோம். முருங்கைக்கீரையைக் கலை உருவினாள், முறத்தின் அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம்.

10.8.2025, ஞாயிறு

"நாளைக்கு மறுபடி ஆரம்பிக்கறேன்" என்றாள். "டாக்டர் கிட்ட எல்லாத்தயும் சொன்னேன். திரும்ப முதல்ல இருந்து சாப்பிட்டே ஆவணும்னு அவங்க சொல்லல. உங்க இஷ்டம்னாங்க. எனக்குத்தான் பாதியில கெட்டுப்போன கணக்க வச்சிக்க முடியாது."

எந்த மருந்தையும் இனித் தொடமாட்டேன் என்றவள். நான் அதை ஞாபகப்படுத்தவில்லை.

"அகத்தி இல ஒண்ணு பறிச்சிக் குடுங்க."

பின்னால் போய் ஒரு இணுக்கு ஒடித்துக்கொண்டு வந்தேன். அதை முறத்தின் ஓரத்தில் வைத்துவிட்டு, நான் ஆய்ந்து முடித்த கலவைக் கீரையை ஒவ்வொரு இலையாக எடுத்து அதனோடு ஒப்பிட்டாள். நீளமா, உருண்டையா, விளிம்பில் பல் இருக்கிறதா. முக்கால் மணி நேரம். ஏதோ ஒரு செடியின் இலையைத் தூக்கி, "இது?" என்றாள். இல்லை, நரம்பைப் பார் என்றேன். நரம்பைப் பார்த்துவிட்டு, நான் சொன்னதை நம்பாமல் புத்தகத்தைக் கேட்டாள். பரணிலிருந்து இறக்கியது இன்னும் அலமாரியில்தான் இருந்தது. கொடுத்தேன்.

நான் ஆய்ந்த கீரையை என் கண் முன்னால் ஒருத்தி சோதிக்கிறாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. இவ்வளவு நாளில் எங்கள் வீட்டில் கீரையை இவ்வளவு கவனமாகப் பார்த்த இன்னொருவர் இல்லை. மூக்கிரட்டை இலையின் அடிப்பக்கம் வெளுத்திருப்பதை அவள்தான் காட்டினாள். எனக்குத் தெரியாது.

அந்த அகத்தி இணுக்கை அவளே எடுத்துப் போய் பக்கத்துத் தெரு மாட்டுக்குப் போட்டுவிட்டு வந்தாள்.

17.8.2025, ஞாயிறு

ஏழாம் நாள். என் சமையல் சாப்பிடுகிறாள். கீரையை மட்டும் பார்த்த பிறகு.

27.8.2025, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டைக்கு மல்லாட்டைப் பூரணம், வேர்க்கடலையை வறுத்து வெல்லத்தோடு இடித்தது. பூரணத்தில் என்ன போட்டேன் என்று அவள் கேட்கும் முன்பே ஒவ்வொன்றாகச் சொன்னேன். "ஏலக்கா எத்தினின்னு கூடவா சொல்லணும்" என்றாள். சிரித்தாள் என்று நினைக்கிறேன். அடுப்புப் பக்கம் திரும்பியிருந்ததால் முகம் தெரியவில்லை.

7.9.2025, ஞாயிறு

இருபத்தெட்டாம் நாள்.

மணிமாறன் கடைக்குப் போன பிறகு முறத்தைப் போட்டு உட்கார்ந்தோம். பாதி ஆய்ந்திருப்போம். கலை பின்னலைத் தூக்கிக் கொண்டையாகச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்.

"கழுத்துக்குப் பின்னாடி எனக்குத் தெரியல. போன்ல எடுத்தா சரியா விழல. புதுசா எதனா இருக்கா பாருங்க."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குனிந்தேன். மயிர் ஆரம்பிக்கும் இடத்துக்குக் கீழே, இருந்தது.

வாசலில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பும் சத்தம். அவள் தோள் அசையாமல் இருந்தது. 'இல்ல' என்று சொல்ல எவ்வளவு லேசான வார்த்தை. அவளால் ஒருபோதும் பார்க்க முடியாத இடம். இன்னும் இருபது நாள் நிம்மதியாக மருந்து சாப்பிடுவாள். அது நல்லதுதானே?

"இருக்கு" என்றேன்.

"எவ்ளோ?"

"உளுந்து அளவு."

"ஒண்ணா?"

"ரெண்டு. இன்னொண்ணு கடுகு போல. இடது பக்கம்."

அவள் கொஞ்ச நேரம் கொண்டையைப் பிடித்தபடியே இருந்தாள். கை வலித்திருக்கும்.

"கை எப்டி இருக்கு? பாத்துச் சொல்லுங்க."

நீட்டினாள். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். "கூடல. கொறஞ்சிருக்குன்னும் சொல்ல முடியல."

"எனக்கும் அப்டித்தான் தெரிஞ்சிது" என்றாள். "சனிக்கிழம டாக்டர் கிட்ட போறேன். நீங்களும் வர்றீங்களா? பின்னாடி இருக்கறத அவங்க கேட்டா, எப்ப வந்துச்சி, எவ்ளோ இருந்துச்சின்னு எனக்குச் சொல்லத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

"வர்றேன்."

"அண்ணன் கிட்ட மயிலம் கோயிலுன்னு சொல்லாதீங்க. எங்கூட வர்றேன்னு சொல்லுங்க."

கொண்டையை முடிந்துகொண்டு இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். நான் ஆய்ந்து வைத்த கீரையை முறத்தோடு தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு இலையாகப் பார்க்க ஆரம்பித்தாள்.